சுவர் ஒருவருடையது, பில் இன்னொருவருடையது

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் தெருத்தெருவாக ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் வீடுகள் நிற்கின்றன. விக்டோரியா மகாராணி காலத்தின் கடைசியிலும் அவர் மகன் எட்வர்ட் ஆட்சியிலும் கட்டியவை நிறைய. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் போன எத்தனையோ குடும்பங்களுக்கு லண்டனின் முதல் முகவரி இப்படியொரு வீட்டின் ஓர் அறைதான். நிலக்கரி தாராளமாகக் கிடைத்த காலத்து வீடுகள் இவை. அறைக்கொரு கணப்பு வைத்தார்கள். கணப்பு எரியக் காற்று வேண்டும். ஆகவே ஜன்னல் இடுக்கில் நுழைகிற காற்றை யாரும் பெரிய குறையாக எண்ணவில்லை. பிறகு நிலக்கரி போயிற்று, கேஸ் பாய்லர் வந்தது. இடுக்குகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

டிசம்பரில் அந்த வீட்டுக்குள் நடப்பது எளிய பௌதிகம். சூடான காற்று லேசானது. மேலே ஏறிப் பழைய புகைபோக்கி வழியாகவும் பரண் கதவின் ஓரமாகவும் வெளியே போய்விடுகிறது. போன இடத்தை நிரப்பத் தரைப் பலகை இடுக்கு, கதவில் தபால் போடும் துவாரம், மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னலின் தளர்ந்த சட்டம் என்று கிடைத்த வழியிலெல்லாம் ஊதல்காற்று உள்ளே வருகிறது. பாய்லர் வீட்டோடு சேர்த்துத் தெருவையும் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. சுவரும் உதவுவதில்லை. நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் இங்கிலாந்தில் பரவலானது 1920களுக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய ஒற்றைக் கனச் சுவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை வெளியே விடும். இங்கிலாந்து வீடுகளில் சுமார் ஐந்தில் ஒன்று 1919க்கு முற்பட்டது.

இனி பில். கேஸ் மீட்டர் கன மீட்டரில் அளக்கிறது. ஒரு கன மீட்டர் சுமார் 11 யூனிட். யூனிட்டுக்கு ஒரு விலை. அதோடு, பாய்லரைத் தொடாத நாளுக்கும் சேர்த்துத் தினசரி நிலைக்கட்டணம். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அறிவிக்கும் உச்சவரம்பைப் பில்லின் உச்சவரம்பு என்றே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும் மட்டுமே அந்த வரம்பு. செய்தியில் வரும் பெரிய தொகை, கேஸையும் மின்சாரத்தையும் நடுத்தரமாகச் செலவழிக்கும் ஒரு வீட்டுக்கான உத்தேசக் கணக்கு. காற்று ஒழுகும் வீடு அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். 2021 அக்டோபரில் அந்தத் தொகை ஆண்டுக்கு 1,277 பவுண்டு. உக்ரைன் போர் தொடங்கிய 2022இன் அக்டோபரில் 3,549 பவுண்டு. அரசு குறுக்கே வந்து 2,500இல் நிறுத்திப் பிடித்தது.

விலை ஏறத் தொடங்கியிருந்த 2022 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் எரிசக்தி நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குச் சில குளிர்கால யோசனைகளை வழங்கியது. ஹீட்டிங்கைக் கூட்டாமலே கதகதப்பாக இருக்கலாமாம்: வளர்ப்புப் பிராணியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், கைகாலை விரித்துக் குதிக்கலாம், சூடாக ஓட்ஸ் கஞ்சி குடிக்கலாம். ஊர் முதலில் சிரித்தது, பிறகு கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

யோசனைகள் தவறானவை அல்ல. கஞ்சி குடித்தால் உடம்பு சூடாகத்தான் செய்யும். எரிச்சல் ஊட்டியது, அவற்றுக்கு அடியில் இருந்த எண்ணம்: குளிர் என்பது மன உறுதிக்கு வைத்த பரீட்சை, பில் என்பது அதில் தோற்றவர் கட்டும் அபராதம். இந்த எண்ணம் புதிதல்ல. குளிரைத் தாங்குவது ஒழுக்கமா, ஒழுக்கம் என்றால் யாருடைய ஒழுக்கம் என்ற கேள்வியைச் சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கின்றன. அவை சொன்ன விடை அந்த நிறுவனத்துக்குச் சாதகமாக இல்லை.

தாங்குவதைப் போற்றியவர்கள் உண்டு. சமண முனிவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய இருபத்திரண்டு இடர்களில் குளிரும் ஒன்று. கிரேக்க ஞானி டயோஜெனிஸ் பனிக்காலத்தில் சிலைகளைத் தழுவிக்கொண்டு உடம்பைப் பழக்கினார் என்று கதை. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, லண்டன் குளிரிலும் வேட்டியையும் போர்வையையும் விடவில்லை. கிழக்கு லண்டனின் ஏழைப் பகுதியில் கிங்ஸ்லி ஹாலில் தங்கி, அதே கோலத்தில் அரண்மனைக்கும் போய் வந்தார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. குளிரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்று தோன்றினால் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை எட்டும் தூரத்தில் இருந்தது.

ஒருவர் தனக்கு வைத்துக்கொள்ளும் அளவையும் மற்றவருக்கு வகுக்கும் அளவையும் எப்படி வேறுபடுத்துவது? இதற்குப் பௌத்த விநய நூலில் ஓர் அருமையான நிகழ்ச்சி இருக்கிறது. துறவிகள் துணி மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து வருவதை வழியில் பார்த்த புத்தர், ஆடைக்கு ஓர் எல்லை வேண்டும் என்று நினைக்கிறார். எல்லையை உட்கார்ந்த இடத்திலிருந்து போட்டுவிடவில்லை. வைசாலியில், குளிர்காலத்தின் மிகக் கடுமையான நாட்களில், இரவு முழுவதும் திறந்தவெளியில் உட்கார்ந்து பார்க்கிறார். ஒரே ஆடையோடு தொடங்குகிறார். முதல் யாமம் முடியும்போது குளிர்கிறது, இன்னொன்றைப் போர்த்திக்கொள்கிறார். நடு யாமம் முடியும்போது மூன்றாவது. விடியும் வேளையில் நான்காவது. பிறகு விதி பிறக்கிறது: துறவிக்கு மூன்று ஆடைகள், அவற்றில் மேற்போர்வை இரட்டையாகத் தைத்தது. கூட்டிப் பார்த்தால் நான்கு அடுக்கு. அந்த விதியை வகுக்கும்போது அவர் மனத்தில் இருந்தவர்கள் குளிரைத் தாங்க முடியாமல் அஞ்சுகிற துறவிகள். திடமானவரை அளவுகோலாக வைத்திருந்தால் ஓர் ஆடையே போதும் என்று முடிந்திருக்கும்.

பெனடிக்டின் கிறிஸ்தவ மடங்களும் இதே வழியில் யோசித்தன. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு, குளிர் நாடுகளில் துறவிகளுக்கு ஆடை கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. முதியோருக்கும் சிறுவருக்கும் நோயாளிகளுக்கும் கண்டிப்பைத் தளர்த்தச் சொல்கிறது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1132இல் தோன்றிய ஃபவுண்டன்ஸ் மடம் இன்று இடிபாடு. ஆனால் அதன் கணப்பறையும் உள்ளே இருக்கும் பிரம்மாண்டமான கணப்புகளும் இன்னும் நிற்கின்றன. ஜெபிக்கும் இடத்தில் நெருப்பு கிடையாது, தூங்கும் இடத்தில் கிடையாது. விறைத்துப்போன துறவி வந்து நிற்க ஓர் அறை இருந்தது. நோயாளிகளின் கூடத்தில் நெருப்பு இருந்தது. திடமான துறவிக்குக் குளிர், நோயுற்ற துறவிக்குத் தணல். துறவிகளே போட்ட கோடு அது.

யூத மரபு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஓய்வுநாளில் யூதர் நெருப்பு மூட்டக் கூடாது. பிற மதத்தாரைத் தமக்காக மூட்டச் சொல்வதும் கூடாது. நோயாளிக்காக மட்டும் விலக்கு. ஆனால் போலந்திலும் ரஷ்யாவிலும் பனி கொட்டும் சனிக்கிழமையில் என்ன செய்வது? பதினாறாம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்ட நூல், குளிர் நாடுகளில் அந்த விலக்கை எல்லோருக்கும் விரித்தது. கடுங்குளிரைப் பொறுத்தவரை அனைவரையும் நோயாளிகளாகவே கொள்ளலாம் என்பது அதன் தீர்ப்பு. யாருக்கு உண்மையிலேயே குளிர்கிறது என்று ஆளாளுக்கு விசாரணை வைக்கும் வேலையை ஒரே வரியில் தீர்த்துவிட்டார்கள்.

சீனத்து ஜென் துறவி தான்ஷியாவின் கதை எல்லாவற்றையும் மிஞ்சும். தாங் அரச மரபு காலத்தவர். குளிரில் ஒரு கோயிலில் தங்கியவர், மரத்தாலான புத்தர் சிலையை எடுத்து எரித்துக் குளிர்காய்ந்தார். மடத்தலைவர் பதறி ஓடி வந்தார். தான்ஷியா சாம்பலைக் கிளறிக்கொண்டே, புத்தரின் புனித எச்சங்களைத் தேடுகிறேன் என்றாராம். மரத்தில் எச்சம் ஏது என்று கேட்டார் தலைவர். அப்படியானால் மீதிச் சிலைகளையும் கொண்டு வாருங்கள் என்றாராம் இவர். பொருளுக்கும் புனிதத்துக்கும் உள்ள உறவை விளக்க ஜென் ஆசிரியர்கள் சொல்லும் கதை. குளிர்ந்த கட்டடத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு இன்னொரு பொருளும் புலப்படும்.

அந்தப் பொருள் இன்று இங்கிலாந்துத் திருச்சபைக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது. சுமார் 16,000 தேவாலயக் கட்டடங்கள், பெரும்பாலும் உயரமான கூரை, கல் சுவர். ஒரு மணி நேர ஆராதனைக்காக அவ்வளவு காற்றையும் சூடாக்குவது வீண் என்பதால், கட்டடத்தை விட்டுவிட்டு மனிதரைச் சூடாக்குங்கள் என்று பங்குகளுக்கு ஆலோசனை சொல்கிறார்கள்: இருக்கைக்கு அடியில் சிறிய ஹீட்டர், சூடேறும் மெத்தை. 2022–23 குளிர்காலத்தில் பல தேவாலயங்களும் நூலகங்களும் கதவைத் திறந்து, வீட்டில் ஹீட்டிங் போட முடியாதவர்களை வந்து உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தன. ஃபவுண்டன்ஸ் மடத்துக் கணப்பறை மறுபடி வந்ததுபோல இருந்தது.

வீட்டில் இதே யுக்தி ஓரளவுக்குத்தான் செல்லும். மின்கம்பளியும் வெந்நீர்ப் பையும் ஆளைக் காப்பாற்றும், பணத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் வீடு ஒரு மணி நேர ஆராதனை இல்லை. மூச்சுக்காற்று, கொதிக்கும் குழம்பு, உள்ளே காயப்போட்ட துணி எல்லாம் ஈரத்தைக் காற்றில் விடுகின்றன. சுவர் சில்லென்று இருந்தால் அந்த ஈரம் அதன்மேல் நீராகப் படியும். பின்னாலேயே கரும்பூஞ்சை வரும். அப்பாவின் தவத்தைக் குழந்தையின் நுரையீரல் சுமக்க வேண்டி வரும். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது இதனால்தான்.

2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வாடகை வீட்டில் நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு செய்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். பலமுறை புகார் கொடுத்திருந்தார்கள். வீட்டை நடத்திய அமைப்போ, பூஞ்சைக்குக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று அனுமானித்துக்கொண்டிருந்தது. சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், அதனால் ஈரம். பழியை இவ்வளவு சுலபமாகத் திருப்ப முடிந்தது ஏன்? குளிரும் ஈரமும் குடியிருப்பவரின் ஒழுக்கத்தைப் பொறுத்தவை என்ற நம்பிக்கை முன்பே ஊறிப்போயிருந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் சட்டம் வந்தது. குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வீடுகளில் ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

வினைக் கொள்கையில் வளர்ந்தவருக்கு வாடகை வீடு ஒரு சிக்கல். செய்தவரே பலனை அனுபவிப்பார் என்பது அந்தக் கொள்கையின் உயிர். வாடகை வீட்டில் சுவருக்குப் பஞ்சுக்காப்பு வைக்காமல் விட்டவர் ஒருவர், ஜனவரியில் பில் கட்டுபவர் இன்னொருவர். சரிசெய்தால் பலன் குடியிருப்பவருக்குப் போகும் என்பதால் வீட்டுக்காரருக்கு அவசரமில்லை. சுவர் தன்னுடையது அல்ல என்பதால் குடியிருப்பவருக்கு உரிமையில்லை. முற்பிறவியைத் துணைக்கு அழைத்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. 2018 ஏப்ரலில் சட்டம் ஓரடி எடுத்துவைத்தது: எரிசக்திச் சான்றிதழில் 'ஈ' தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. 2020இல் பழைய வாடகைதாரர்களுக்கும் இது விரிந்தது. ஆனால் அதற்காக வீட்டுக்காரர் செலவழிக்க வேண்டியது அதிகபட்சம் 3,500 பவுண்டு என்று ஒரு வரம்பும் போட்டார்கள். கனச் சுவருக்குக் காப்பு வைக்க அந்தப் பணம் பெரும்பாலும் போதாது.

2013இல் வந்த 'கிரீன் டீல்' திட்டம் இதைவிட விசித்திரம். வீட்டுக்குக் காப்பு வைக்கக் கடன். தவணை மின்கட்டணத்தோடு சேரும். கடன் ஆளோடு ஒட்டாமல் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கியவர் காலி செய்து போனால் அடுத்து வருபவர் கட்ட வேண்டும். சுமார் 14,000 வீடுகளே சேர்ந்தன. 2015இல் அரசு அதைக் கைவிட்டது. அதற்குச் சற்று முன்பு, 2007 முதல் 2010 வரை, யார்க்ஷயரின் கிர்க்லீஸ் நகராட்சி வேறு வழியில் போயிருந்தது. வருமானம் கேட்காமல் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பரணுக்கும் இடைவெளிச் சுவருக்கும் இலவசமாகக் காப்பு வைத்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பயனடைந்தன.

கடனைப் பற்றி விவிலியத்தின் யாத்திராகமத்தில் ஒரு சட்டம் உண்டு. ஏழையின் மேலாடையை அடகு பிடித்தால், சூரியன் மறைவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறில்லை. கடன் ரத்தாவதில்லை, இரவுக்கு மட்டும் கடன் கொடுத்தவன் கை நீளக் கூடாது. பிரிட்டனில் பில் பாக்கி வைத்தவர் வீட்டுக்குள் நீதிமன்ற ஆணையோடு நுழைந்து, முன்பணம் போட்டால் மட்டும் ஓடும் மீட்டரைப் பொருத்தும் வழக்கம் இருந்தது. காசு தீர்ந்ததும் ஹீட்டிங் தானாக நிற்கும். நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் வீட்டிலும் இப்படி நடந்தது 2023 பிப்ரவரியில் அம்பலமானது. ஆஃப்ஜெம் அதை நிறுத்திவைத்தது. பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டிலும், துணையில்லாத 75 வயது கடந்தவர் வீட்டிலும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதி செய்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் பாக்கிக்காக வீட்டுக் குடிநீரை வெட்டுவதை 1999ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. தண்ணீருக்குச் சொன்னதை வெப்பத்துக்கும் சொல்ல என்ன தடை என்று எவரும் தெளிவாக விளக்கவில்லை.

உதவி யாருக்கு என்பதும் இதே வழக்குதான். பிரிட்டனில் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் தொகை 1997இல் தொடங்கியது. ஏழை, பணக்காரர் பாராமல் எல்லோருக்கும் போனது. 2024 ஜூலையில் புதிய அரசு, வறியோருக்கான உதவித்தொகை வாங்குபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. சுமார் ஒரு கோடிப் பேர் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். அந்த உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத முதியோர் நிறைய. அவர்களும் சேர்ந்து விழுந்தார்கள். 2025 ஜூனில் அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று பழகிய தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பங்களாவுக்கும் இலவசமா என்ற கேள்வி அங்கும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சங்க கால வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தபோது அதற்கு உண்மையிலேயே குளிர்கிறதா என்று சான்றிதழ் கேட்கவில்லை. சோதித்துக் கொடுத்தால் வேண்டியவர் சிலர் விடுபடுவார். சோதிக்காமல் கொடுத்தால் வேண்டாதவர் சிலர் பெறுவார். முதல் பிழையில் ஆள் நடுங்குகிறார், இரண்டாவதில் பணம் கசிகிறது. எது பொறுக்கத்தக்கது என்பதில் காரோவின் சட்டநூலுக்கு ஐயம் இருக்கவில்லை. ஆயினும் பேகன் அந்தக் காட்டு வழியே வந்தது மயிலின் அதிர்ஷ்டம். தேவாலயத்துத் தேநீருக்கும் அதே குறைதான். இரவு கதவைச் சாத்திய பிறகு எல்லோரும் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

ஊழா, முயற்சியா என்ற பழைய வழக்கில், ஒழுகும் வீட்டைப் பொறுத்தவரை தீர்ப்பு எழுதியாயிற்று. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் முடிந்த முதல் 'பாசிவ்' வீடுகள், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கும் மேல் வெப்பம் கேட்காதபடி அமைந்தன. தடித்த காப்பு, இடுக்கில்லாத கட்டுமானம், வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு மாற்றும் கருவி. அதில் மந்திரம் எதுவுமில்லை. பழைய வீட்டை அந்த நிலைக்குக் கொண்டுபோவது பெருஞ்செலவு. ஆனால் பரணில் 270 மில்லிமீட்டர் பஞ்சுக்காப்பு, கதவடியிலும் தபால் துவாரத்திலும் தூரிகைப் பட்டை, தரைப் பலகை இடுக்குக்குப் பூச்சு, உபயோகிக்காத புகைபோக்கிக்கு அடைப்பு, பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டை 60 டிகிரிக்குக் குறைப்பது இவையெல்லாம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிற வேலைகள்.

அடைக்கும் ஆர்வத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. 1662இல் இரண்டாம் சார்லஸ் கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி போட்டார். 1684இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் சர்ச்சில் கிராமத்தில், வரியைத் தவிர்க்க ஒரு ரொட்டிக்கடைக்காரர் சுவரை இடித்துத் தன் அடுப்பைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியோடு இணைக்க, தீப்பிடித்து இருபது வீடுகள் எரிந்தன, நால்வர் இறந்தார்கள். நெருப்பின் விலை ஏறும்போதெல்லாம் இப்படி ஆபத்தான சிக்கனங்கள் முளைக்கும். கேஸ் அடுப்போ கணப்போ உள்ள அறையின் காற்றுத்துளைகளை மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். சமையலறை, குளியலறை விசிறிகளும் ஓட வேண்டும்.

சுவர் உங்களுடையது அல்ல என்றால் ஒரு காரியம் செய்யலாம். இங்கிலாந்தில் வீட்டுக்காரர் எரிசக்திச் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும். அஞ்சல் குறியீட்டை வைத்து அரசு இணையதளத்தில் நீங்களே பார்க்கவும் முடியும். தரம் 'எஃப்' அல்லது 'ஜி' என்றிருந்து, விலக்குப் பதிவும் இல்லை என்றால், அந்த வீட்டை வாடகைக்கு விடுவதே சட்டமீறல். கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், 5,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. புகார் செய்தால் காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம் நியாயமாகவே இருந்தது. அப்படி வெளியேற்றும் வழியை 2026 மே 1 முதல் சட்டம் மூடுகிறது. லண்டனில் வீடு பார்க்கும் உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள்: கையெழுத்துப் போடும் முன் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கட்டும்.